போர்டு மாட்டாத வீடு: முதல் ஆளா கேள்விப்பட்டா மட்டும் போதுமா?



புதுக்கோட்டையில வீடு வாங்கணும்னு போன்ல தேடிப் பாருங்க. புது மனைப் பிரிவு விளம்பரமா வந்து குவியும். நீங்க வளர்ந்த தெருவுல, குடியிருந்த வீடு ஒண்ணு விலைக்கு இருக்கான்னு பார்த்தா அபூர்வமாத்தான் கண்ணுல படும். ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போனா அம்மா சொல்லுவாங்க: "கடைசி வீட்டைக் கொடுத்துட்டாங்கப்பா, போன மாசம்தான் பத்திரம் முடிஞ்சுது." போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. காதும் காதும் வச்ச மாதிரி கை மாறியிருக்கும்.

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ வேலை பார்த்துக்கிட்டு, அப்பா அம்மாவுக்கு ஊர்ல ஒரு வீடுன்னு நினைக்கிற பலரும் என்கிட்ட கேட்கிற கேள்வி இதுதான்: "சார், விக்கப் போற வீட்டை முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வழி இருக்கு, சொல்றேன். கூடவே என் கருத்தையும் சொல்லிடுறேன். முதல்ல கேள்விப்படுறதால விலை குறைஞ்சிடாது. விளம்பரம் வந்த வீட்டை நாலு பேர் பார்ப்பாங்க, நாலு வக்கீல் பேப்பரைப் புரட்டுவாங்க, வில்லங்கம் இருந்தா ஊருக்கே தெரிஞ்சிடும். சத்தமில்லாம வர்ற வீட்டுல அந்த நாலு பேர் வேலையையும் நீங்க ஒருத்தரே செய்யணும். அதுக்குத் தயாரா இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்த வழி லாபம்.

ஏன் சத்தமில்லாம விக்கிறாங்க?

நம்ம ஊர்ல பூர்வீக வீட்டை விக்கிறது வெறும் பண விஷயம் கிடையாது. "கடன்ல மாட்டிக்கிட்டான் போல"ன்னு பேச்சு வந்துடும். வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருந்தா இன்னும் யோசிப்பாங்க. அதனால முதல்ல பங்காளிகிட்ட கேட்பாங்க, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட, அப்புறம் நம்பிக்கையான ஒரு புரோக்கர்கிட்ட. இதுல பாதி ஊர் வழக்கம், பாதி சட்டம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, வாரிசா வந்த சொத்துல ஒருத்தர் தன் பங்கை விக்க நினைச்சா, அதை முதல்ல வாங்கிக்கிற உரிமை மத்த வாரிசுகளுக்கு உண்டு.

மாவட்டத்துக்குள்ளேயே காரணங்கள் மாறும். ராயவரம், கடியாபட்டி மாதிரி திருமயம் பக்கத்து செட்டிநாட்டு வீடுகள்ல பங்குதாரர்கள் பல ஊர்ல, பல நாட்டுல இருப்பாங்க. எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் வெளியே சொல்ல மாட்டாங்க. அறந்தாங்கி, மணமேல்குடி பக்கம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள்ல இருக்கிறவங்க வீடு பூட்டிக் கிடக்கும். ஓனர் ஊருக்கு வர்ற ரெண்டு வாரத்துல பேசி முடிச்சிட்டுப் போயிடுவாங்க. புதுக்கோட்டை டவுன்ல, ராஜகோபாலபுரம், பெரியார் நகர் மாதிரி இடங்கள்ல, ரிட்டயர் ஆனவங்க பிள்ளைகளோட போய் இருக்கலாம்னு வீட்டைக் கொடுப்பாங்க.

யார்கிட்ட சொல்லி வைக்கணும்?

இது ரகசிய வித்தை ஒண்ணும் இல்லை. உங்களுக்கு வீடு வேணும்ங்கிறது சரியான அஞ்சாறு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

பத்திரம் எழுதுறவங்க முதல் ஆள். வாரிசுச் சான்றுல சந்தேகம், விடுதலைப் பத்திரம் எழுதணும்னு ஒரு குடும்பம் வந்தா, அடுத்தது பெரும்பாலும் விற்பனைதான்னு அவங்களுக்குத் தெரியும். ரெண்டாவது, வாடகைக்கு வீடு பிடிச்சுக் கொடுக்கிற புரோக்கர். எந்த ஓனர் புதுசா ஆள் வைக்க மாட்டேங்கிறார்னு அவர் சொல்லுவார். மூணாவது, அந்தத் தெரு மளிகைக் கடை, அயர்ன் கடை, பால்காரர், கொத்தனார். நாலாவது, அந்த வீட்டுல இப்போ வாடகைக்கு இருக்கிறவங்க. "காலி பண்ணச் சொல்லிட்டாங்க"ங்கிற ஒரு வார்த்தை எந்த விளம்பரத்துக்கும் முந்தி வரும்.

சொல்லும்போது "ஏதாவது வீடு இருந்தா சொல்லுங்க"ன்னு பொதுவா சொல்லாதீங்க. யாருக்கும் ஞாபகம் இருக்காது. "திருக்கோகர்ணம் இல்லேன்னா மச்சுவாடி, ரெண்டு ரூம், கார் போற தெரு, 25 லட்சத்துக்குள்ள, லோன் ரெடியா இருக்கு"ன்னு சொல்லுங்க. கடைசி மூணு வார்த்தைக்குத்தான் மதிப்பு அதிகம். புரோக்கர் கமிஷனையும் முதல் நாளே பேசிடுங்க. முடிவுல பேசினா மனக்கசப்புதான் மிஞ்சும்.

இன்னொரு வழி, பேப்பர்ல வர்ற பேங்க் நோட்டீஸ். வீட்டுக் கடன் கட்ட முடியாம போனா, 2002 சர்ஃபேசி சட்டப்படி பேங்க் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பணும். அப்புறம் சொத்தைச் சுவாதீனம் எடுத்ததா ரெண்டு பத்திரிகையில அறிவிப்பு போடணும். ஏல அறிவிப்பு அதுக்கும் பிறகுதான். அந்த இடைவெளியில ஓனரே பேங்க் சம்மதத்தோட வித்து கடனை அடைக்க முடியும். ஏலத்துல போறதைவிட அவருக்கும் அது நல்லது. ஆனா அந்தப் பணம் நேரா பேங்க் கடன் கணக்குக்குத்தான் போகணும், ஓனர் கைக்குப் போகக் கூடாது.

முதல் ஆள்னா விலை குறையுமா?

பெரும்பாலும் குறையாது. விக்கிறவருக்கும் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சுன்னு தெரியும். இப்போ அதுக்கு மேல ஒரு பேச்சு சேர்ந்திருக்கு: "2024-ல மாநகராட்சி ஆயிடுச்சு தம்பி, இனிமே விலை எங்கேயோ போயிடும்." மாநகராட்சி ஆனது உண்மை. ஆனா அந்தத் தெருவுல தண்ணி வர்ற நேரமும் சாக்கடையும் மாறியிருக்கான்னு பார்த்துட்டு விலை பேசுங்க.

அமெரிக்காவுல இதே விஷயம் பெரிய விவாதமாச்சு. பொதுப் பட்டியல்ல போடாம ஏஜென்ட்களே தங்களுக்குள்ள வீட்டை வித்துக்கிட்டாங்க. 2019-ல அங்கே உள்ள ரியல் எஸ்டேட் ஏஜென்ட்கள் சங்கம் ஒரு விதி கொண்டுவந்துச்சு. ஒரு வீட்டை வெளியே விளம்பரம் பண்ணினா ஒரு வேலை நாளுக்குள்ள பொதுப் பட்டியல்ல ஏத்திடணும். நமக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியலே கிடையாது. அதனால சரியான விலை எதுன்னு கண்டுபிடிக்கிற வேலை உங்க தலையில.

அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. பதிவுத்துறையோட வெப்சைட்ல வழிகாட்டி மதிப்பைப் பாருங்க. கூடவே பக்கத்து சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பார்க்கக் காசு கிடையாது. சமீபத்துல யார் என்ன மதிப்புக்குப் பதிவு பண்ணினாங்கன்னு அதுல இருக்கும். சிலர் குறைச்சுக் காட்டியிருக்கலாம். இருந்தாலும் வாய்ப் பேச்சைவிட அது மேல்.

ஆடிட்டரா நான் பயப்படுற மூணு இடம்

ஒண்ணு, ரொக்கம். சத்தமில்லாத வியாபாரத்துல "பாதியை கேஷா கொடுத்துடுங்க"ங்கிற பேச்சு தவறாம வரும். வீடு, மனை விற்பனைக்காக 20,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே விக்கிறவருக்கு அபராதம் வரலாம். 1961 வருமான வரிச் சட்டத்துல இது 269எஸ்எஸ் பிரிவு, 2015 ஜூன் முதல் சொத்துக்கும் பொருந்துது. 2025-ல வந்த புதிய சட்டத்துல பிரிவு எண்தான் வேற. இதை விக்கிறவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அவருக்கே ஆபத்துன்னு தெரிஞ்சா பேங்க் வழிக்கு வந்துடுவார்.

உங்களுக்கும் அது நஷ்டம்தான். 24 லட்சம் வீட்டை 15 லட்சம்னு பத்திரம் போட்டா, 9 லட்சத்துக்கு முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 81,000 ரூபாய் மிச்சம்னு தோணும். ஆனா லோன் பத்திர மதிப்பை வச்சுத்தான் கிடைக்கும். பிற்பாடு வீட்டை விக்கும்போது உங்க அசல் விலை 15 லட்சம்தான். அந்த 9 லட்சமும் லாபமாகி, 12.5% வரியும் செஸ்ஸும் சேர்த்து 1,17,000 ரூபாய் கட்டுவீங்க. அடுத்தவர் கணக்குல வராத பணத்துக்கு நீங்க வரி கட்டின மாதிரி ஆயிடும்.

ரெண்டு, ரொம்ப மலிவு. வழிகாட்டி மதிப்பு 23 லட்சம், அவசரத்துக்கு 18 லட்சத்துக்குக் கொடுக்கிறாங்கன்னு வைங்க. வித்தியாசம் 5 லட்சம். இந்த வித்தியாசம் 50,000 ரூபாய், விலையில 10%, இந்த ரெண்டுல எது பெரிசோ அதைத் தாண்டினா, முழு வித்தியாசமும் உங்க வருமானமாக் கணக்காகும். 30% வரம்புல இருந்தா செஸ்ஸோட 1,56,000 ரூபாய் வரி. முத்திரைத்தாளும் 23 லட்சத்துக்குத்தான். "அடிச்சுப் பேசி வாங்கினேன்"னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க.

மூணு, வெளிநாட்டுல இருக்கிற ஓனர். உள்ளூர்க்காரர்கிட்ட வாங்கினா 50 லட்சத்துக்குக் கீழ டி.டி.எஸ். கிடையாது. ஓனர் வரிச் சட்டப்படி என்.ஆர்.ஐ. ஆக இருந்தா அந்த வரம்பே இல்லை. ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்த வீடுன்னா 12.5% கூட செஸ், அதாவது 30 லட்சத்துக்கு 3,90,000 ரூபாய் பிடிச்சுக் கட்டணும். லாபம் குறைவுன்னா குறைச்சுப் பிடிக்க வருமான வரித்துறைகிட்ட அவர் சான்று வாங்கலாம். நீங்க பிடிக்காம முழுசையும் கொடுத்துட்டா, துறை வந்து கேட்கிறது உங்களைத்தான். அவர் சிங்கப்பூர்ல இருப்பார், நீங்க இங்கே இருப்பீங்க.

வில்லங்கச் சான்றுல வராத வில்லங்கம்

வில்லங்கச் சான்று பதிவான விஷயத்தைத்தான் சொல்லும். பதிவாகாதது நம்ம பக்கம் நிறைய உண்டு.

முதல்ல ஒத்தி. வீட்டுல குடியிருக்கிறவர் வாடகைக்காரர்னு நினைச்சிருப்பீங்க. அவர் மூணு லட்சமோ நாலு லட்சமோ ஒத்திக்குக் கொடுத்து, வெறும் பத்திரத்தாள்ல எழுதி வாங்கியிருப்பார். வீட்டைப் பார்க்கப் போற அன்னைக்கே "வாடகையா, ஒத்தியா?"ன்னு அவர்கிட்டயே நேரா கேளுங்க.

அடுத்தது கையெழுத்து. "அண்ணன் பேர்ல பட்டா இருக்கு, அவர் மட்டும் போட்டாப் போதும்"னு சொல்லுவாங்க. பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. இந்துக் குடும்பத்துல அப்பா சொந்தமாச் சம்பாதிச்ச வீடு, உயில் எழுதாம இறந்துட்டார்னா, மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோட இருந்தா அவரோட அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. கல்யாணமாகி பொன்னமராவதிக்குப் போன தங்கச்சிக்கும் சேர்த்துத்தான். அவங்க கையெழுத்து இல்லேன்னா, நீங்க வாங்கினது வீட்டோட ஒரு பங்கையும் ஒரு கோர்ட் கேஸையும்தான்.

பவர் பத்திரம் காட்டினா அது பதிவானதா, ரத்து ஆகலையான்னு பாருங்க. கொடுத்தவரோட ஒரு வீடியோ காலாவது பேசுங்க. அவர் இறந்துட்டா அந்தப் பவரும் முடிஞ்சுது. வெறும் பவர் பத்திரத்தை வச்சே வீடு கை மாறினதா ஆகாதுன்னு 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அப்புறம் அடிமனை. 1948 வரைக்கும் தனி சமஸ்தானமா இருந்த ஊர் நம்மது. பழைய இனாம், தேவஸ்தான நிலம்னு கணக்குகள் உண்டு. கட்டடம் நம்மது, அடிமனை கோயிலுக்குன்னு இருந்தா லோனும் கிடைக்காது, பதிவும் நடக்காது. சர்வே எண்ணை வச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல கேட்டுடுங்க.

"ப்ரீ-லாஞ்ச்" வேற விஷயம்

"விளம்பரம் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு மட்டும் இந்த ரேட்"னு புது மனைப் பிரிவு, அபார்ட்மென்ட் ஆளுங்க கூப்பிட்டா அதைத் தனியா வைங்க. 500 சதுர மீட்டருக்கு மேல, அல்லது 8 வீட்டுக்கு மேல உள்ள திட்டம் ரெராவுல பதிவாகிறதுக்கு முன்னாடி விளம்பரம் பண்ணக் கூடாது, புக்கிங் வாங்கக் கூடாது, விக்கக் கூடாது. பதிவு எண் இல்லேன்னா அந்த "சலுகை"யே சட்ட மீறல்தான். பதிவான திட்டத்துலயும், ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாம விலையில 10%-க்கு மேல முன்பணம் கேட்கக் கூடாது.

தயாரா இருக்கிறதுன்னா என்ன?

24 லட்சம் வீட்டுக்குக் கணக்கு இது. பேங்க் 80% கொடுத்தா 19.20 லட்சம். கையில இருந்து 4.80 லட்சம், பதிவுச் செலவு 9% வீதம் 2.16 லட்சம். ஆக கிட்டத்தட்ட 7 லட்சம், அதுக்கு மேல ரிப்பேர் செலவு. 8.5% வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை 16,700 ரூபாய் பக்கம். பழைய வீடுன்னா பேங்க் போடுற மதிப்பு நீங்க பேசின விலையைவிடக் குறையலாம். அதுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைங்க. 10 லட்சத்துக்குள்ள கிராமத்து வீடு பார்க்கிறவங்களுக்கு ஒரு தகவல்: 2025 ஏப்ரல் முதல், பெண் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1% குறையும்.

இந்தப் பணமும், சம்பளத்தை வச்சு பேங்க் கொடுக்கிற முன்-ஒப்புதல் கடிதமும், பேப்பர் பார்க்க ஒரு வக்கீலும் ரெடியா இருந்தா உங்களுக்குத் தேவை 15 நாள்தான். அந்த 15 நாளைக் கேளுங்க. கிரய ஒப்பந்தம் போட்டு, சின்னத் தொகையை பேங்க் வழியாக் கொடுங்க. தமிழ்நாட்டுல 2012-ல வந்த சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு பண்ணணும். "பேப்பர் சரியில்லேன்னா, லோன் வரலேன்னா அட்வான்ஸ் திரும்பும்"ங்கிற வரி அதுல கட்டாயம் இருக்கட்டும்.

"நாளைக்கே முடிக்கணும், இன்னொருத்தர் காத்திருக்கார்"னு சொன்னா அந்த இன்னொருத்தருக்கே போகட்டும். நான் பார்த்த வரைக்கும், 15 நாள் தர முடியாத வீட்டுல 15 வருஷம் நிம்மதியா இருக்க முடியறதில்லை.

கடைசியா ஒண்ணு. சத்தமில்லாம விக்கிற பல பேர் கஷ்டத்துல விக்கிறவங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்கிறது புத்திசாலித்தனம்னு சில வீடியோக்கள்ல சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. தர்மத்தை விடுங்க, கணக்காவே பாருங்க: வாரிசுங்க பின்னாடி "அண்ணனை ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்க"ன்னு கிளப்புறது இந்த மாதிரி விலைக்குப் போன வீட்டுலதான். நியாயமான விலை, முழுப் பணமும் பேங்க் வழியா, எல்லா வாரிசு கையெழுத்தும். இந்த மூணையும் கொடுக்கிற ஆள்னு ஊர்ல பேர் எடுத்துட்டா, அடுத்த வீடு விலைக்கு வரும்போது பத்திரம் எழுதுறவரே உங்களுக்குப் போன் போடுவார்.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறீங்கன்னா ரெண்டே வேலை. மேல சொன்ன அஞ்சாறு பேர்ல ரெண்டு பேரைப் பார்த்துச் சொல்லி வைங்க. உங்க பேங்க்ல எவ்வளவு லோன் கிடைக்கும்னு எழுத்துல வாங்குங்க. மத்ததை அடுத்த வீடியோவுல பேசுவோம்.